ஹென்னிங் பந்தைப் பாக்கமாட்டான்

படிக்கிறனோ எண்டு கேட்டா, அண்ணை, நேரான மறுமொழி என்னட்டை இல்லை. படிச்சனான். பிறகு படிக்கேல்லை. பிறகு வேற ஒண்டு படிக்கத் துவங்கினனான், அதுவும் சரிவரேல்லை. முதல் எலெக்ட்ரிக் அவுஸ்பில்டுங், தொழில் பழகுற படிப்பு, எட்டு மாதம். அடுத்தது பல்லுக் கட்டுற வேலை. டொக்டர் இல்லை, டொக்டருக்குப் பின்னால இருந்து பொய்ப்பல்லுச் செய்து குடுக்கிற ஆள். அது அஞ்சு மாதம். ஒரு கிழவரின்ர மேல்பல்லையும் ஒரு கிழவியின்ர கீழ்ப்பல்லையும் ஒரே பெட்டிக்க வைச்சு அனுப்பிப்போட்டன். அவை ரெண்டு பேரும் இண்டைக்கும் ஒருத்தரையொருத்தர் தேடிக்கொண்டு திரியினமோ தெரியாது. மிருதங்கம் ரெண்டு வருசம். கார் லைசன்ஸ் பாதியில நிக்குது, அதாலதான் உங்களுக்கு முன்னால இந்த றெயினில இருக்கிறன்.

சிரியுங்கோ, பறவாயில்லை. அம்மா மட்டும்தான் சிரிக்கிறேல்லை.

யதுசன். கிளப்பில யாது. டொச்சுக்காரருக்கு, இந்த ஜேர்மன் சனத்துக்கு, அதுக்கு மேல வாயில வராது. நீங்கள்? நவரத்தினம். சரி. அம்மாவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கெல்சென்கிர்ச்சனில யோகம் அக்கா எண்டா… பாத்தியளே, தெரியும். கோயில் அன்னதானத்தில சாம்பார் வாளி அவவின்ர கையிலதான். அப்ப இனி நான் கொஞ்சம் கவனமாக் கதைக்கவேணும்.

இதுவோ? பையில இருக்கிற இது கரடி இல்லையண்ணை. டாக்ஸ் எண்டு சொல்லுவினம், நிலத்துக்குள்ள பொந்து கிண்டி இருக்கிற ஒரு மிருகம். தமிழில என்னெண்டு எனக்குத் தெரியாது. நெத்தியில நாமம் போட்ட கொழுத்த கீரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன். எங்கட கிளப்பின்ர சின்னம். றக்பி கிளப்.

ஓம், அந்த முட்டைப் பந்துதான். இல்லை இல்லை, அமெரிக்கன்காரர் தலையில சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு விளையாடுறது வேற, இது சட்டி இல்லாமல். கண்டியில, கொழும்பில பெரிய பள்ளிக்கூடங்களில விளையாடுறது இதேதான். பதினைஞ்சு பேர். பந்தைக் கையால முன்னுக்கு எறியக்கூடாது, பின்னால வாறவனுக்குத்தான் குடுக்கலாம். முன்னுக்குப் போகவேணுமெண்டா தூக்கிக்கொண்டு ஓடவேணும். ஓடினா ஒரு ஃபிறிட்ஜ் வந்து நெஞ்சில மோதும். ஃபிறிட்ஜின்ர பேர் கெவின், கிழமை நாளில வங்கியில வேலை செய்யிறவர், மோதிப்போட்டு மன்னிப்பும் கேப்பார். ரெண்டு பக்கமும் இங்கிலீஸ் எச் எழுத்து மாதிரிக் கம்பம் நிக்கும். பந்தை உதைச்சு அந்த ரெண்டு கம்பத்துக்கும் நடுவால, குறுக்குக் கட்டைக்கு மேலால அனுப்பினாப் புள்ளி. இவ்வளவும் தெரிஞ்சாக் காணும். மிச்சம் எனக்கே வடிவாத் தெரியாது.

எப்பிடிப் போய் விழுந்தனான் எண்டோ? அப்ப நான் சைக்கிளில சாப்பாடு காவிற வேலை. ஒரு சனிக்கிழமை உந்தக் கிளப்பில இருந்து பதினெட்டுப் பிட்சாவுக்கு ஓடர். சரியான மழை. முதுகில பெட்டியோட போய் இறங்கினா, பதினாலு பேர் காற்சட்டையோட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கினம். பதினைஞ்சாவது ஆளுக்குக் காய்ச்சலாம். எங்கட ட்ரெய்னர் குட்றூன் எண்டு ஒரு மனிசி, அறுபது வயசு, முப்பது வருசம் நகரசபை பஸ் ஓட்டினவ. கீழ இருந்து மேல வரைக்கும் என்னைப் பாத்திட்டு, ஓடுவியோ எண்டு கேட்டா. நான் பகிடிக்கு, ஆராவது துரத்தினா ஓடுவன் எண்டனான். அப்ப நீ சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய் எண்டா. ஆற்றையோ சப்பாத்து ஒரு சோடி வந்திச்சு. பிட்சா எல்லாம் ஆறி, நான் வேலையையும் விட்டு… ஓம், அதையும்தான் விட்டனான், அந்தக் கணக்கில அதைச் சேக்க மறந்துபோனன்.

மூண்டாவது மட்ச்சில தோள் எலும்பு முறிஞ்சுபோட்டுது. இஞ்ச, தடவிப் பாருங்கோ, இந்த மேடு. அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தா. எலும்பைப் பாக்கேல்லை, ஜேர்சியைத்தான் பாத்தா. இவன் சாகும்வரைக்கும் விளையாடக்கூடாது எண்டு எழுதித் தாங்கோ எண்டு டொக்டரிட்டைக் கேட்டா. டொக்டர் மூண்டு மாதம்தான் எழுதுவன் எண்டார். அவ பேரம் பேசிப் பேசி ஒரு வருசத்துக்குக் கொண்டுவந்திட்டா.

அந்த ஒரு வருசத்திலதான் கொடி என்ர கைக்கு வந்தது.

கோயில் கொடி இல்லை. சும்மா இருங்கோ அண்ணை, நீங்களும் அம்மா மாதிரி. கோட்டுக்கு வெளியால ஒருத்தன் கொடி பிடிச்சுக்கொண்டு ஓடுவான் தெரியுமே, பந்து எங்க வெளியில போனதெண்டு காட்டுறதுக்கு. பெரிய மட்ச்சுகளில அதுக்கு வெளியாக்கள் வருவினம். எங்கட மட்டத்தில றிஃபெரி ஒருத்தர்தான் வெளியாள். கொடிக்காரர் ரெண்டு பேரையும் கிளப்புகள்தான் குடுக்கவேணும், ஆளுக்கொருத்தர். ஓம், எங்கட மட்ச்சுக்கு எங்கட ஆள்தான். நீங்கள் சிரிக்கிறியள், நானும் முதல்நாள் உப்பிடித்தான் சிரிச்சனான். குட்றூன் சிரிக்கேல்லை. கொடியைக் கையில தரேக்கை ஒண்டே ஒண்டுதான் சொன்னா. இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை நீ எங்கட ஆள் இல்லை.

கம்பத்துக்கு உதைக்கேக்கை எங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு. ரெண்டு கொடிக்காரரும் ஓடிப்போய்க் கம்பத்துக்குப் பின்னால நிக்கவேணும், ஆளுக்கொரு கம்பம். பந்து உள்ளால போனாக் கொடியைத் தூக்கவேணும். போகாட்டி கை கீழதான். றிஃபெரி உதைக்கிறவனுக்குப் பக்கத்தில தூரத்தில நிப்பார், அவருக்குப் பாதி நேரம் சரியாத் தெரியாது. எங்களைப் பாத்திட்டுத்தான் விசில் ஊதுவார்.

டொக்டர் எழுதின வருசம் முடிஞ்சும் கொடியோடதான், ரெண்டு வருசம் அண்ணை. ஒரு மட்ச் விடேல்லை. இந்த இருவத்திமூண்டு வயசுக்க நான் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஒரே சாமான் அந்தக் கொடித்தடிதான். அம்மா கோயிலில, மகன் ஸ்போர்ட்ஸ் நிர்வாகத்தில இருக்கிறான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறா. உங்களுக்கும் சொன்னவவோ? அதுதானே.

ஏன் நிண்டிட்டுது றெயின்? ஸ்பீக்கரில என்ன சொன்னவர், விளங்கிச்சே? தண்டவாளத்தில செம்மறியாடாம். எத்தினை ஆடெண்டு சொல்லேல்லை. ஒவ்வொண்டாப் பேர் கேட்டு இறக்குவினம், நாங்கள் ஆறுதலா இருப்பம்.

ஐயோ வேண்டாம் அண்ணை, பிள்ளை பெரிசான சாமத்திய வீட்டுக்குக் கொண்டுபோற பலகாரத்தை உடைக்காதேங்கோ. முன்ஸ்டரில அவை எண்ணிப் பாக்கமாட்டினமோ… சரி, ஒரு பயற்றம்பணியாரம். ஒண்டு காணும். ம். தங்கச்சி செய்ததோ, சோக்காயிருக்கு. சரி, இன்னொண்டு.

நாளைக்கு ஃபைனல் அண்ணை. லாண்டஸ்போக்கால், மாநிலக் கப். தோத்தவன் வீட்டை போறது, வெண்டவன் அடுத்த மட்ச்சுக்கு வாறது, அப்பிடி ஒரு கப். தபால்காரர், வாத்திமார், கெவின் மாதிரி ஆக்கள் விளையாடுற கிளப்புகளுக்கு மட்டும். எங்கட கிளப் துவங்கி நாப்பது வருசத்தில ஃபைனலுக்குப் போனதில்லை. இந்தமுறை போயிருக்கு.

இல்லை. நான் நாளைக்குக் கொடி பிடிக்கேல்லை.

அதைச் சொல்லத்தான் இப்ப ஹென்னிங் வீட்டை போய்க்கொண்டிருக்கிறன். எல்லாரும் இண்டைக்கு அவன்ர தோட்டத்தில நிக்கினம், ஃபைனலுக்கு முதல்நாள், பச்சைத்தண்ணியும் நூடில்ஸ் சலாட்டும். கொடியைக் கையில குடுத்திட்டு அடுத்த றெயினில திரும்பி வாறதுதான் யோசனை. ஏனோ? சும்மாதான். இருக்கிறதையெல்லாம் விட்டாச்சு, இது மட்டும் என்ன பாவம் செய்தது? பல்லு டெர்மின், டொக்டரிட்டைப் போகவேணும் எண்டு சொல்லலாமெண்டு முதல் நினைச்சனான். பிறகுதான் விளங்கினது, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

இருங்கோ, சொல்லுறன். முதல் ஹென்னிங்கைச் சொல்லவேணும். அவனைத் தெரியாட்டி ஒண்டும் விளங்காது.

தபால்காரன். நாப்பத்திமூண்டு வயசு, ரெண்டு மீற்றர் உயரம், கொக்கின்ர கால். எங்கட கிளப்பில கம்பத்துக்கு உதைக்கிறது அவன்தான். ஒன்பது வருசத்துக்கு முந்தி, நான் அப்ப மிருதங்கத்தில நிக்கிறன், இதே கப்பில அவனுக்குக் கடைசி நிமிசத்தில ஒரு உதை வந்தது. போனா வெற்றி. உதைச்சான். உதைச்சிட்டு, பந்து உள்ளுக்க போட்டுது எண்டு நினைச்சு, ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு அரைவாசிக் கிரவுண்ட் ஓடி, ஜேர்சியைக் கழட்டி எறிஞ்சு, சேத்துக்க வயித்தால வழுக்கிக்கொண்டு போய்… தலையை நிமிர்த்திப் பாத்தா ஒரு கொடியும் எழும்பேல்லை. பந்து வெளியால. ஆரோ அதை வீடியோ எடுத்துப்போட்டான். ஒவ்வொரு நத்தாருக்கும் கிளப்பில கிறிஸ்மஸ் சாப்பாடு முடிய, சுவரில பெரிசா அதைப் போடுவினம். ஒன்பது வருசம். ஹென்னிங்கும் சேந்துதான் சிரிப்பான். ஆனா அவன் வயித்தால வழுக்கிற இடம் வரேக்கை பாத்து, குசினிக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போடுவான். திரும்பி வரேக்கை கையில ஒரு கிழங்கும் இராது.

அண்டையில இருந்து ஹென்னிங் பந்தைப் பாக்கமாட்டான். உதைப்பான். காலில இருந்து பந்து கழண்ட உடன அப்பிடியே திரும்பி, கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புல்லைப் பாத்துக்கொண்டு நிப்பான். விசில் கேட்டாப் பிறகுதான் திரும்புவான். திரும்பி முதல் பாக்கிறது பந்தையும் இல்லை, றிஃபெரியையும் இல்லை. என்னை. முந்தி வேற ஒருத்தன் கொடி பிடிச்சவன், அவன் குழம்பின ஆளாம், ஹென்னிங்குக்கு நித்திரையே வாறேல்லையாம். நான் வந்து ஒரு மாதத்தில என்ர தோளில, முறியாத தோளில, கையைப் போட்டுச் சொன்னான். இனி நான் பாக்கத் தேவையில்லை யாது, நீ பாத்தாக் காணும்.

என்னட்டை அப்பிடி ஒருத்தரும் ஒரு நாளும் சொன்னதில்லை அண்ணை. என்னட்டை எல்லாரும் சொல்லுறது, நீ பாத்தது காணும், இனி நான் பாக்கிறன்.

செமிஃபைனல் மூண்டு கிழமைக்கு முந்தி, லிண்டன்புறுக்கில. சின்ன ஊர், ஆனாப் பெரிய கிளப். ஐஞ்சு முறை கப் எடுத்தவை. கிரவுண்டுக்குப் பக்கத்தில அவைக்குச் சொந்தமாக் குசினியே இருக்கு. கம்பம் மட்டும் கட்டை. ஒரு புயலில ஒண்டு முறிஞ்சு, மற்றதையும் அந்த உயரத்துக்கு அரிஞ்சு விட்டிருக்கினம். மேலால போற பந்து உள்ளுக்கையோ வெளியிலையோ எண்டு தூரத்தில நிண்டு பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது.

முதல் பாதியில எங்களைத் துவைச்சுக் காயப்போட்டினம். பதினாலுக்கு மூண்டு. குட்றூன் இடைவேளையில தோடம்பழம் உரிச்சு உரிச்சு ஒவ்வொருத்தற்றை வாய்க்குள்ளையும் வைச்சா, கெவின் அழுதிட்டான். ரெண்டாவது பாதியில என்ன நடந்ததெண்டு எனக்கே தெரியாது, ஃபிறிட்ஜ் ஓடத் துவங்கிட்டுது. கடைசி நிமிசத்தில பத்தொன்பதுக்குப் பதினேழு. அவைதான் முன்னுக்கு. அந்த நேரம் அவையின்ர ஒருத்தன் பிழையாக் கையை வைச்சு, எங்களுக்கு ஒரு உதை கிடைச்சுது. உள்ளுக்க போனா மூண்டு புள்ளி. வெற்றி.

இப்ப ஒரு விசயம் கேளுங்கோ. அவையின்ர கொடிக்காரர் ஓலி எண்டு ஒரு பேக்கரிக்காரர், ஐம்பது வயசு, நல்ல உருப்படி. கொஞ்சத்துக்கு முதல் அவையின்ர பெடியன் ஒருத்தனுக்குக் காயம் பட்டு, மாத்த ஆளில்லாமல், ஓலி கொடியை நிலத்தில குத்திப்போட்டு, முட்டியில தைலம் பூசிக்கொண்டு தானே உள்ளுக்க இறங்கிட்டார். எங்கட மட்டத்தில அப்பிடித்தான். அப்ப கம்பத்துக்குப் பின்னால இருக்கிறது நான் ஒருத்தன். மற்றக் கம்பத்தடியில காத்து.

ஹென்னிங் பந்தை வைச்சான். நாலடி பின்னுக்கு, ரெண்டடி பக்கத்துக்கு. குசினியில ஆரோ வெங்காயம் வதக்கிறது மட்டும் கேக்குது. உதைச்சான், திரும்பினான். கொடி மேல. விசில். இருவது பத்தொன்பது.

பிறகு என்ன, மனிசருக்கு மேல மனிசர். குட்றூன் முப்பது வருசம் பஸ்ஸில ஒருத்தருக்கும் சிரிக்காத சிரிப்பையெல்லாம் அண்டைக்குச் சிரிச்சா. ஹென்னிங் ஓடேல்லை, ஜேர்சி கழட்டேல்லை. நிண்ட இடத்திலேயே இருந்திட்டான், தபால் பை கழட்டி வைச்ச மாதிரி. இருந்துகொண்டு என்னைப் பாத்துத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான்.

எங்கட விளையாட்டில ஒரு வழக்கம் இருக்கண்ணை. மூண்டாவது பாதி எண்டு சொல்லுவினம். மட்ச் முடிய, வெண்டவை தோத்தவை எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடவேணும், ஊர்க்காரர்தான் சமைச்சுப் போடவேணும். காதைக் கடிச்சவனுக்குப் பக்கத்தில இருந்து அவனிட்டையே உப்பைக் கேக்கவேணும். லிண்டன்புறுக்காரர் தோத்துப்போட்டும் கோழியும் வெங்காயமும் மலை மாதிரி வைச்சினம். ஓலி எனக்குப் பக்கத்தில வந்து குந்தினார், மூக்கு வீங்கிப்போய். வீட்டை கொண்டுபோ எண்டு தன்ர கையால சுட்ட பாண் ஒண்டு தந்தார். தனிய நிண்டு பாக்கிறது லேசில்லை தம்பி, நீ வடிவாச் செய்தனி எண்டார். கறுப்புப் பாண், மூண்டு கிலோ வரும். அம்மா ரெண்டு நாள் அதுக்குச் சம்பல் இடிச்சா. நான் தொடேல்லை.

சும்மா பசியில்லை.

வெளிக்கிட்டுது. ஆடெல்லாம் இறங்கிட்டுது போல. என்ர இடத்துக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கும்.

ஹென்னிங்கோ? அவன் ஆளே மாறிப்போனான். தபால் போடப் போற வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கினமாம், கை குடுக்க. உள்ளூர்ப் பேப்பரில அரைப்பக்கம். அந்தப் படத்தைக் கிளப்பில சட்டம் போட்டு மாட்டியிருக்கினம். இந்த நத்தாருக்கு அந்தப் பழைய வீடியோவை நிப்பாட்டுறது எண்டு கூட்டத்தில கை உயர்த்தி முடிவெடுத்தாச்சு, ஒருத்தர் எதிர்க்கேல்லை. போன கிழமை ட்ரெய்னிங்கில உதைச்சுப் பழகேக்கை, என்னைக் கூப்பிட்டு, நீ கம்பத்தடியில போய் நில்லு, நீ நிக்காட்டி எனக்குக் கால் வராது எண்டான்.

ஓம், அதுக்குப் பிறகுதான் விடுறது எண்டு யோசிச்சனான். ஏன் ஏன் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறியள். நீங்கள் குசினி வேலை எண்டல்லோ சொன்னியள், பொலிசில இருக்கவேண்டிய ஆள்.

பந்து வெளியால போனது அண்ணை.

வலது கம்பத்துக்கு வெளியால. இவ்வளவு. முழங்கையில இருந்து விரல் வரைக்கும். நான் இப்ப உங்களுக்குச் சொல்லேக்கையும் பந்தைச் சொல்லேல்லை, கவனிச்சனியளோ? உதையைச் சொன்னனான், கொடியைச் சொன்னனான், விசிலைச் சொன்னனான். மூண்டு கிழமையா எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறன். ஒருத்தரும் பந்து எங்க எண்டு கேக்கேல்லை.

பொய் சொல்லவெண்டு தூக்கேல்லை. அதுதான் கரைச்சலே. அவன்ர கால் பந்தில படேக்கை ஒரு சத்தம் வரும், டொக் எண்டு, தேங்காயைத் தட்டிப் பாத்து வாங்குறமே, அந்த மாதிரி. அந்தச் சத்தம் வந்தா உள்ளுக்கதான். ரெண்டு வருசத்தில ஒருக்காவும் பிழைச்சதில்லை. கேட்டுக் கேட்டு எனக்குப் பந்தைப் பாக்கிற பழக்கமே விட்டுப்போச்சு. அண்டைக்கும் டொக். கை தன்ரபாட்டில மேல போட்டுது. பந்து அப்பதான் அவன்ர காலை விட்டு வெளிக்கிடுது. பிறகு காத்தடிச்சுது. கம்பத்துக்கு மேலால, ஆறுதலா, எனக்குக் காட்டிக் காட்டிப் போகுது வெளியால. கொடி மேல நிக்குது. இறக்கியிருக்கலாம். ஒரு செக்கன் இருந்தது, ஒண்டரை எண்டும் வையுங்கோ. அதுக்குள்ள விசில். அதுக்குள்ள அவன் திரும்பிட்டான்.

அவன் என்னைப் பாக்கிறான், நான் அவன்ர காலைக் கேக்கிறன், றிஃபெரி கொடியைப் பாக்கிறார். பந்தை ஒருத்தரும் பாக்கேல்லை. விசரர் கூட்டம்.

பேப்பர்ப் படத்திலையே இருக்கண்ணை. ஹென்னிங்கின்ர கால் மேல நிக்குது, பந்து சப்பாத்தில இருந்து ஒரு மீற்றர்கூட வரேல்லை. பின்னால, எச் எழுத்தடியில, சின்னதா ஒரு மஞ்சள் புள்ளி. அது என்ர கொடி. ஏற்கெனவே மேல. கிளப்புக்கு வாறவன் போறவன் எல்லாம் அதுக்கு முன்னால நிண்டு பியர் குடிக்கிறான், ஹென்னிங்கின்ர காலைத்தான் பாக்கிறான்.

சட்டமோ? சட்டப்படி ஒண்டும் மாறாது. றிஃபெரி ஊதினா ஊதினதுதான், பிறகு கடவுள் வந்து சொன்னாலும் எடுபடாது. நான் தேடிப் பாத்தனான், ரெண்டு முறை வாசிச்சனான், அவுஸ்பில்டுங்கில ஒரு புத்தகம் அப்பிடி வாசிச்சிருந்தா இப்ப எலெக்ட்ரிக் கடை வைச்சிருப்பன். ஆனாக் குட்றூன் சட்டம் பாக்கிற ஆளில்லை. கேட்ட உடன லிண்டன்புறுக்குக்கு ஃபோன் அடிப்பா. நாளைக்கு நீங்கள் வந்து விளையாடுங்கோ எண்டு சொல்லுவா. நாப்பது வருசத்தில ஒரு ஃபைனல், அது சரி. கெவின் திரும்பவும் அழுவான், அதுவும் சரி. ஹென்னிங்… அவனுக்கு இப்ப ரெண்டு வீடியோ ஆயிடும்.

சொல்லாமலும் விடலாம்தான். கொடியைக் குடுத்திட்டு, யாதுதானே, எல்லாத்தையும் விடுறவன்தானே எண்டு அவை சிரிக்க, நானும் சிரிச்சுக்கொண்டு வரலாம். எனக்கு அது கைவந்த வேலை. காலையில வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை அதுதான் யோசனை. ஆனா நாளைக்கு வேற ஆரோ கொடியோட நிப்பான், ஹென்னிங் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு, திரும்பி என்னைத் தேடுவான். அதை நினைச்சா இந்தப் பணியாரமே இறங்குதில்லை, ரெண்டு திண்டிட்டன் எண்டாலும்.

நீங்கள்தான் முதல் ஆள். அம்மாவுக்கும் சொல்லேல்லை. ஏன் உங்களுக்குச் சொன்னனான் எண்டா, ஒருக்கா வாயால வருதோ எண்டு பாக்கத்தான். இவையளோட பிறந்து வளந்தது எண்டாலும், டொச்சில சொன்னா அது நடந்ததாப் போயிடும் அண்ணை. தமிழில சொன்னா வீட்டுக் கதை மாதிரி, கொஞ்சம் ஆறுதலா இருக்கு. உங்களுக்கு முன்னால வந்து குந்தினதே, நீங்கள் தமிழ்ப் பேப்பர் விரிச்சு வைச்சிருந்ததைப் பாத்துத்தான். அங்கால எத்தினை சீற் காலியாக் கிடக்கு.

இதுதான் என்ர ஸ்டேசன். இருங்கோ, பையை எடுக்கிறன். இல்லை, பலகாரம் வேண்டாம், அவைக்கு நூடில்ஸ் இருக்கு.

தமிழில சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துப்போட்டுது. டொச்சில மூண்டே மூண்டு சொல்லு அண்ணை, பக்கத்தால போட்டுது எண்டு. எர் வார் டானேபன்.

எர் வார் டானேபன்.

சத்தமாச் சொல்லிட்டனோ? அந்த நாயோட இருக்கிற அம்மா திரும்பிப் பாக்கிறா. பாக்கட்டும். ஒரு டொச்சு ஆளுக்குச் சொல்லியாச்சு, இன்னும் பதினைஞ்சு பேர்.

வாறன் அண்ணை.